அணில் தின்ற காக்கைச் சோறு

தாமரைக்கு அணிலைக் கண்டால் ஆகாது. புருஷன் சுகுமாறன் உயிரோடு இருந்த காலத்தில் யாராவது அணிலைப் பற்றிக் கேட்டிருந்தால், "அது பாட்டுக்கு இருக்கு, நமக்கென்ன?" என்றிருப்பாள். மனிதர்களைத் தடுத்து நிறுத்தவே அவளுக்கு நேரம் போதவில்லை. அணிலுக்கு எங்கே போவது?

தடுத்து நிறுத்துவதுதான் அவளுடைய பிழைப்பு. செந்தூலில் பழைய ரயில் பட்டறைப் பக்கம் முளைத்திருக்கும் கொண்டோ அடுக்குமாடி ஒன்றில் அவள் செக்யூரிட்டி. காலையில் வீடிருக்கும் சாலாக் செலாத்தானில் கொம்யூட்டர் ரயில் ஏறிப் போய், நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் நின்றாள் என்றால், வருகிறவர் எவ்வளவு பெரிய காரில் வந்தாலும் சரி, எந்த வீட்டுக்கு, எதற்கு என்று சொல்லாமல் உள்ளே போக முடியாது. சாப்பாடு கொண்டுவரும் மோட்டார் பையன்கள் அவளிடம் கெஞ்சுவார்கள். "ஆன்டி, சூப்பு ஆறிடும் லா, விடுங்க." தாமரை அசைய மாட்டாள். "ஆறினா சுட வெச்சுக் குடிப்பாங்க. நீ பேரச் சொல்லு." அந்தக் குரலுக்கு மேல் பேச இன்னும் ஒருத்தரும் பிறக்கவில்லை.

கிள்ளான் பக்கத்து ரப்பர்ப் பால்மரத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். தோட்டம் போய் அங்கே வீடமைப்பு வந்துவிட்டது. அதைப் பற்றி யாராவது உருகினால் அவளுக்குக் கோபம்தான் வரும். "அங்க என்ன தேனா ஒழுகிச்சு? கொசுதான் கடிச்சிச்சு" என்பாள். பதினெட்டு வயதில் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தாள். அங்கே குளிர்பானம் இறக்க லோரி ஓட்டி வந்த சுகுமாறனைக் கட்டிக்கொண்டாள். வாணி பிறந்தாள். லோரியில் ஏற்றிய குளிர்பானத்தில் பாதி கடைகளுக்கும் பாதி தன் வீட்டுக்காரர் வயிற்றுக்கும் போனதாகத் தாமரை சொல்வாள். பாதி என்பது கொஞ்சம் மிகை. கால்வாசி இருக்கும்.

அந்தக் கால்வாசியே போதுமானதாக இருந்தது. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, சுகுமாறன் குடும்பத்தில் பரம்பரைச் சொத்து மாதிரி வருவது. அப்பாவுக்கு இருந்தது, சுகுமாறனுக்கு வந்தது, தங்கை மாரியாயிக்கும் வந்தது. சுகுமாறனுக்குக் கால் விரல் ஒன்றை எடுத்த அன்று, டாக்டர் அவரை விட்டுவிட்டுத் தாமரையைப் பார்த்துத்தான் பேசினார். "நீங்க பார்த்துக்கிட்டா இருப்பாரு." அவ்வளவுதான் சொன்னார். தாமரைக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து புருஷனின் வாய்க்கும் அவள்தான் செக்யூரிட்டி.

சோறு அளந்துதான் விழும். பிஸ்கட் டின் துணி அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. முனையிலிருந்த மாமாக் தேநீர்க் கடைக்காரரிடம் நேரே போய், "எங்க வீட்டுக்காரருக்கு நீங்க தித்திப்பாத் தே தாரேக் கலக்கிக் குடுத்தா, உங்க கடை வாசல்லயே உக்காந்துக்குவேன், பாஸ்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த ஆள் பயந்து, அதற்குப் பிறகு சுகுமாறன் கையை ஆட்டினாலே வெந்நீர்தான் கொண்டுவந்து வைப்பார். சுகுமாறன் கெஞ்சுவார், ஏசுவார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். "இன்னும் ஒரு கரண்டி போட்டா உன் சொத்தா குறைஞ்சிரும்?" என்பார். தாமரை போட மாட்டாள். அப்படியே ஒன்பது வருடம் ஓட்டினாள். பிறகு ஒரு நாள் மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சீனி அவரைக் கொல்லவில்லை, நெஞ்சு நின்றுவிட்டது. டாக்டர் அப்படித்தான் சொன்னார்.

டாக்டர் சொல்வதை யார் கேட்கிறார்கள்? சுங்கை பூலோவிலிருந்து மாரியாயி வந்து இறங்கினாள். அண்ணன் தலைமாட்டில் விழுந்து அவள் அழுத அழுகையில் ஊரே கூடிவிட்டது. "எங்கண்ணன் பசியாறாமலே போயிட்டாரே! ஒரு வாய்ச் சோத்துக்குக் கெஞ்ச வெச்சீங்களே அண்ணி!"

வந்திருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஒருவராவது "அப்படிச் சொல்லாதே" என்று சொல்லவில்லை. தாமரையும் பதில் பேசவில்லை. பதில் இல்லாமலா? இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு கிளினிக் கதை பேச முடியுமா? அந்தச் சொல் மீன் முள் மாதிரி தொண்டையில் போய் நின்றுகொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அணில் வந்து சேர்ந்தது பதினாறாம் நாள் காரியத்தன்று. படையல் போட்டு, பின்பக்க மதில்மேல் காக்கைக்கு இலை வைத்துவிட்டு, எல்லாரும் கைகட்டி நின்றார்கள். காக்கை வந்து வாய் வைத்தால்தான் மற்றவர்கள் சாப்பிடலாம். போனவர் காக்கையாக வந்து ஏற்றுக்கொண்டார், மனக்குறை இல்லை என்று அர்த்தம். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு பக்கத்து வீட்டு ஜம்பு மரத்திலிருந்து ஒரு அணில் இறங்கி, மதில்மேல் ஓடி வந்து, நடு இலையில் உட்கார்ந்து, வடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொறித்தது. வந்தவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். மாரியாயி சிரிக்கவில்லை.

"பாத்தீங்களா? அண்ணன் இன்னும் கோவமாத்தான் இருக்காரு."

அவ்வளவுதான். தாமரையின் தூக்கம் அன்றோடு போனது. வருடத் திதிக்கு மாரியாயி மறுபடியும் வருவாள், அதே இடத்தில் நிற்பாள். அன்றைக்கு அவள் கண் முன்னால் ஒரு காக்கை இந்த வீட்டுச் சோற்றைத் தின்றாக வேண்டும். தின்றால் அந்தச் சொல் செத்தது. தின்னாவிட்டால் ஆயுசுக்கும் தாமரை புருஷனைப் பட்டினி போட்டவள்தான். அதற்குள் காக்கையைப் பழக்க வேண்டும், அணிலை ஒழிக்க வேண்டும். ஒரு வருடம் எம்மாத்திரம்?

மறுநாளே ஆரம்பித்தாள். வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு பிடி சோறு உருட்டி, நெய் விட்டு, மதில்மேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிடுவாள். கூப்பிட்ட குரல் அடங்குவதற்குள் அணில் வந்து நிற்கும். தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ!

சாலாக் செலாத்தானில் காக்கைக்குப் பஞ்சமில்லை. பாசார் சந்தைக்குப் பின்னால் போனால் கூட்டம் கூட்டமாக இருக்கும். கோழித் தோல், மீன் குடல், யாரோ மிச்சம் வைத்த நாசி லெமாக் பொட்டலம் என்று அவற்றுக்குத் தினமும் கல்யாணச் சாப்பாடு. அதை விட்டுவிட்டுத் தாமரையின் நெய்ச் சோற்றுக்கு எந்தக் காக்கை வரும்? வாணிகூட ஒரு நாள் சொன்னாள், "அம்மா, சோத்தத் தாப்பாவ் பண்ணி, பொட்டலமாக் கட்டி, பாசார்லயே கொண்டுபோய் வெச்சிருவோம்." தாமரை ஏற்கவில்லை. பாசாரில் வைத்தால் அது ஊர்ச் சோறு. வீட்டு மதிலில் வைத்தால்தான் அது அவருக்கு வைத்தது.

முதலில் மதிலை விட்டுவிட்டு முற்றத்து நடுவில் ஒரு இரும்புக் குழாயை நட்டாள். அதன் தலையில் தட்டு. குழாய் முழுக்க லோரி கிரீஸ் தடவினாள். அணில் வந்து ஒரு முழம் ஏறியது, வழுக்கு மரத்தில் ஏறுகிறவனைப் போல அப்படியே கீழே இறங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. தாமரை வாய்விட்டுச் சிரித்தாள். புருஷன் போன பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். அந்தச் சிரிப்புக்கு ஆயுள் ஒரே நாள். மறுநாள் அணில் துணிக்கொடியில் ஓடி வந்து, நடுவில் நின்று, ஒரே தாவில் தட்டில் இறங்கியது. கொடியை அவிழ்த்து வீட்டு முன்பக்கம் கட்டினாள். அணில் ஜம்பு மரக் கிளையிலிருந்து தாவியது.

ஜம்பு மரம் பக்கத்து வீட்டு சூசனுடையது. சூசன் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவள். மற்ற நாள்களில் அணிலுக்குக் கடலை போடுகிறவள். மரத்தில் ஒரு மைலோ டின்னைக் கட்டி, அதில் கச்சான் கடலையும் பழைய பிஸ்கட்டும் நிரப்பி வைப்பாள்.

"சூசன், அந்தக் கிளைய வெட்டிரு. டின்னையும் அவுத்துரு. உன் புண்ணியத்துல என் வீட்டுக்காரருக்குச் சோறு போய்ச் சேரல" என்றாள் தாமரை.

"ஏன் தாமரை, அணிலும் கடவுள் படைச்சதுதானே? உங்க ராமர்கூட அதத் தடவிக் குடுத்தார்னு நீதானே சொன்ன."

"அது ஊர் அணிலு. முதுகுல மூணு கோடு இருக்கும். இதப் பாரு, முதுகு மொட்டையா இருக்கு, வயிறு செங்கல் மாதிரி சிவந்து கெடக்கு. இத எந்த ராமரும் தொட்டிருக்க மாட்டாரு."

சூசன் கிளையை வெட்டவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. இருபது வருடமாகத் தீபாவளிக்கு முறுக்கும் கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் போய் வந்த மதில் அது. பாழாய்ப் போன ஒரு அணிலால் அதன்மேல் எதுவும் போகவுமில்லை, வரவுமில்லை.

வாணி பங்சார் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு எதையும் போனில் தேடினால்தான் நம்பிக்கை. "பறவைக்குக் காரம் தெரியாதாம்மா. அணிலுக்குத்தான் தெரியுமாம். சோத்துல மிளகாய்த் தூள் கலந்து வைங்க." நல்ல யோசனைதான். ஆனால் அவருக்கு வைக்கிற சோற்றில் மிளகாய்த் தூளா என்று தாமரை ஒரு நாள் முழுக்கக் குழம்பினாள். அவருக்குச் சம்பால் என்றால் உயிர் என்பது நினைவுக்கு வந்ததும் சமாதானமாகிக் கலந்து வைத்தாள். அணில் தின்றது. நின்று தும்மியது. சூசன் வீட்டு நாய்ச் சட்டியில் தண்ணீர் குடித்தது. திரும்பி வந்து மிச்சத்தையும் தின்றது. மலேசியாவில் பிறந்த அணிலுக்கு மிளகாய்த் தூளா பெரிது?

கடைசியில் துணி ஊற வைக்கிற பழைய பிளாஸ்டிக் பேசினை எடுத்து, நடுவில் ஓட்டை போட்டு, தட்டுக்குக் கீழே குழாயில் குடை மாதிரி கவிழ்த்துக் கட்டினாள். குழாயையும் மரத்துக்கு எட்டாத மூலைக்கு மாற்றினாள். அது பலித்தது. அணில் பேசினுக்கு அடியில் வந்து முட்டிக்கொண்டு, மேலே போக வழி தெரியாமல் வாலை உதறி உதறிக் கத்தியது. தாமரைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் காற்றடித்தால் பேசின் ஆடும், 'டொம் டொம்' என்று குழாயில் இடிக்கும். எதிர் விளக்குக் கம்பத்தில் வந்து உட்கார்ந்த ஒன்றிரண்டு காக்கைகளும் அந்தச் சத்தத்துக்குப் பறந்துவிட்டன. மைனா வந்தது, புறா வந்தது, கணக்கில் சேராததெல்லாம் வந்து தின்றுவிட்டுப் போயின. அணிலைத் தடுக்க அவள் செய்ததெல்லாம் காக்கையையும் சேர்த்துத்தான் தடுத்தது. இது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கை நிற்கவில்லை.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போனது அப்போதுதான். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போவாள். வேலையிடத்தில் கட்டையைத் தூக்கிவிட்டு, இறக்க மறந்து, வீட்டுக் குழாயில் கிரீஸ் காய்ந்திருக்குமோ என்று நிற்பாள். பின்னால் வந்த கார்களெல்லாம் கேள்வி முறை இல்லாமல் உள்ளே போய்விட்டன என்று மேலாளர் அவளைக் கூப்பிட்டு ஏசினார். அத்தனை வருட வேலையில் அவள் வாங்கிய முதல் ஏச்சு. அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. "அம்மா, கொஞ்சம் ஒரு எடத்துல உக்காருங்கம்மா. எனக்கே தலை சுத்துது" என்று வாணி அழாத குறையாகச் சொன்னாள். உட்கார்ந்தால் மாரியாயியின் குரல் கேட்கிறது என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது?

பசியிலிருந்த அணிலும் சும்மா இருக்கவில்லை. தட்டுக்கு வழி அடைபட்டதும் கூரை ஓட்டுச் சந்தில் நுழைந்து சீலிங்குக்குள் குடி வந்தது. தென்னந்துடைப்பத்தின் நாரையும் சோபாவின் பஞ்சையும் தூக்கிக்கொண்டு போய் மேலே கூடு கட்டியது. வயரைக் கடித்தது. ஒரு சாயங்காலம் வீடு முழுக்கக் கரண்ட் போனது. வயர்மேன் ஏறிப் பார்த்துவிட்டு, "அக்கா, மேல ஒரு குடும்பமே இருந்திருக்கு போல" என்று சிரித்தான். கூரைச் சந்துக்குக் கம்பி வலை வைத்து அடைத்தார்கள். தாமரைக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே தடுத்தால் உள்ளே வருகிறது, உள்ளே தடுத்தால் வெளியே வருகிறது. இதை இனி வெளியேயும் விட்டு வைக்கக்கூடாது என்று முடிவு கட்டினாள்.

திதிக்கு முதல் நாள் சாயங்காலம், இரும்புக் கடையில் வாங்கி வந்த கூண்டில் பீசாங் மாஸ் வாழைப்பழம் ஒன்றைக் கட்டி மதிலோரம் வைத்தாள். பொழுது சாய்வதற்குள் கதவு விழுந்தது. உள்ளே அணில். தாமரை குனிந்து பார்த்தாள். இவ்வளவு சின்ன உடம்புக்குள்ளா இத்தனை அழிச்சாட்டியம் இருந்தது என்று தோன்றியது. பாவமாகவும் இருந்தது. "நாளைக்கு ஒரு நாள் இங்கயே கெட. அப்புறம் எங்கயாவது காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுர்றேன்" என்று சொல்லி, கூண்டைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, சாக்கைப் போட்டு மூடினாள். குழாய், தட்டு, பேசின் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தாள். இனி அவை எதற்கு? மதில் சுத்தமாக இருந்தது. அன்று மட்டும் கொஞ்சம் தூங்கினாள்.

காலையில் கோயில் ஐயர் வந்து திதி கொடுத்துவிட்டுப் போனார். மாரியாயியும் அவள் புருஷன் கன்னையாவும் விடிந்தவுடனேயே வந்துவிட்டார்கள். தாமரை தாராளமாகச் சமைத்து வைத்திருந்தாள். சோறு, சாம்பார், பொரியல், வடை. பாயசத்தில் அவள் கை அன்று சீனியை அளக்கவே இல்லை. செத்த பிறகு யாருக்கு இனிப்பு நீர் ஏறப் போகிறது? படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு, காக்கை இலையைப் பாயசக் கிண்ணத்தோடு கொண்டுபோய் மதில்மேல் வைத்தாள். "கா... கா..." என்று கூப்பிட்டாள்.

விளக்குக் கம்பத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தது. ஒரு கம்பம் கிட்ட வந்தது. அப்போது சாக்குக்குள்ளிருந்து அணில் கத்த ஆரம்பித்தது. 'சக் சக் சக்' என்று நிறுத்தாத கத்தல். ஜம்பு மரத்திலிருந்து இன்னொன்று பதிலுக்குக் கத்தியது. காக்கை எழும்பிப் பறந்துவிட்டது. மரத்திலிருந்த மைனாக்கள்கூடப் போய்விட்டன.

தாமரை சாக்கை இறுக்கிப் போட்டாள். கத்தல் கூடியது. இரண்டாவது சாக்கைப் போட்டாள். இன்னும் கூடியது. கன்னையா கடிகாரத்தைப் பார்த்தார், அடுக்களையைப் பார்த்தார், எச்சிலை விழுங்கினார். வெயில் ஏறிக்கொண்டே போனது.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சூசனின் தலை தெரிந்தது. மாதக்கணக்கில் பேசாதவள் பேசினாள். "தாமரை, அது பயந்து கத்துது. அது கத்துற வரைக்கும் ஒரு பறவையும் கிட்ட வராது. தெறந்து விடு மா."

தாமரை அவளை முறைத்தாள். பிறகு போய்க் கூண்டைத் திறந்தாள். வேறு வழி? அணில் அம்பு மாதிரிப் போய் மரத்தில் ஏறியது. சத்தம் அடங்கியது. ஆனால் காக்கை திரும்பவில்லை. தாமரை முற்றத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்தாள். நடந்து நடந்து என்ன ஆகப் போகிறது? அதைக்கூட அவளால் நிறுத்த முடியவில்லை.

"அவர் வரமாட்டாரு அண்ணி," என்றாள் மாரியாயி. வந்ததிலிருந்து பேசாமல் மதிலோரம் நின்றவள் இப்போது ஆரம்பித்துவிட்டாள். "எப்படி வருவாரு? நீங்க போட்ட பட்டினிய மறப்பாரா? எங்கண்ணன் லோரி ஓட்டி ஊருக்கெல்லாம் குடிக்கக் குடுத்தாரு. அவருக்கு நீங்க என்ன குடுத்தீங்க? வெந்நி! இப்ப பாயசம் வெக்கிறீங்க, பாயசம். யாருக்கு வேணும் உங்க பாயசம்?"

"அத்தை, போதும்" என்றாள் வாணி.

"என்னடி போதும்? உங்கம்மா அவரக் கொன்னுட்டா. பசியால... பசில... கொன்..."

வாணி அழுதாள். கன்னையா தலையைக் குனிந்துகொண்டார். எல்லாருக்கும் அது வெறும் கோபமாகத்தான் பட்டது. தாமரைக்கு மட்டும் நடந்துகொண்டிருந்த கால் நின்றது. அவள் சொல்லைக் கேட்கவில்லை, சொல் குழறுவதைக் கேட்டாள். மாரியாயியின் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. விரல்கள் முந்தானையைப் பிடிக்கப் பார்த்துப் பிடிக்காமல் நழுவின. சுகுமாறனும் இப்படித்தான். ரத்தத்தில் சீனி இறங்கும்போது முதலில் ஏச்சுதான் வரும். காரணமே இல்லாமல் எரிந்து விழுவார், அடுத்த நிமிடம் சாய்ந்துவிடுவார்.

"மாரி, காலையில இன்சுலின் ஊசி போட்டியா?"

"போட்டேன்... அதுக்கென்ன... உங்களுக்கென்ன..."

"ஊசியப் போட்டுக்கிட்டு ஒண்ணும் சாப்பிடாமலா நிக்கிற?"

மாரியாயியின் கண் மேலே போனது. தாமரை ஓடிப்போய் அவளைத் தாங்கினாள். கையெட்டும் தூரத்தில் இருந்தது காக்கை இலைதான். ஒரு வருடம் யாரையும் தொடவிடாமல் காத்த இலை. தாமரை யோசிக்கவில்லை. இலையோரத்திலிருந்த பாயசக் கிண்ணத்தை எடுத்தாள், விரலால் வழித்து மாரியாயியின் வாய்க்குள் கன்னத்தோரமாகத் தடவினாள்.

"அண்ணி, வாய் வெக்கலயே இன்னும், காக்கா..." என்று மாரியாயி குழறினாள்.

"காக்கா கெடக்குது. நீ முழுங்கு. முழுங்குடி!"

கன்னையா பார்த்துக்கொண்டே நின்றார். "அண்ணே, தோளப் பிடிங்க" என்று தாமரை அதட்டியதும்தான் அசைந்தார். சூசன் சுற்றிக்கொண்டு பின் சந்து வழியாக ஓடி வந்தாள், கையில் ஆரஞ்சு ரசப் பாட்டில். வாணி விசிறினாள். மாரியாயியை அடுக்களைப் படியில் உட்கார வைத்து, வாய்க்கு வாயாகப் பாயசம் ஊட்டினாள் தாமரை. கொஞ்சம் ஆரஞ்சு ரசம், மறுபடி பாயசம். "இன்னும் ஒரு வாய். இன்னும் ஒரு வாய்" என்று சொல்லிக்கொண்டே ஊட்டினாள். கிண்ணம் காலியானது. மாரியாயி கண்களை மூடி, அடுக்களைப் பக்கம் திரும்பி, தாமரையின் தோளில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. உடம்பு நடுக்கம் நின்றது.

யாருக்கும் மதில் நினைவில் இல்லை. வாணிதான் முதலில் பார்த்தாள். "அம்மா..."

மதில்மேல் இலை புரண்டு கிடந்தது. வடை இல்லை. சோறு கலைந்து, பாதிக்குமேல் போயிருந்தது. ஒரு காக்கையும் இல்லை, ஒரு அணிலும் இல்லை. ஜம்பு மரக் கிளை மட்டும் லேசாக ஆடியது. அது காற்றாகவும் இருக்கலாம்.

தாமரை இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எது வந்தது? எது தின்றது? வருடம் முழுக்கக் கண் மூடாமல் காத்தவள், வேண்டிய நேரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இனி எந்தக் காலத்திலும் தெரியப் போவதில்லை. போய்விட்டது என்று நினைத்தாள். எல்லாம் போய்விட்டது.

"காக்காதான் அண்ணி," என்றாள் மாரியாயி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் இன்னும் தோளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. முகம் அடுக்களைப் பக்கம்தான் இருந்தது.

"நான் பாத்தேன். பெரிய காக்கா. வந்து, நல்லா நின்னு, வயிறாரச் சாப்பிட்டுட்டுத்தான் போச்சு."

"நீ எங்க..." என்று கன்னையா வாயெடுத்தார். மாரியாயி ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். சூசன் சிலுவை போட்டுக்கொண்டு, "நானும்தான் பாத்தேன்" என்றாள். அது பொய்க்கு மன்னிப்புக் கேட்ட சிலுவையா, சாட்சி சொன்ன சிலுவையா என்று அவளுக்குத்தான் தெரியும்.

தாமரை எழுந்து போய் எல்லாருக்கும் இலை போட்டாள். சூசனுக்கும் ஒன்று போட்டாள். கன்னையா உட்காருவதற்குள் வடையில் கை வைத்துவிட்டார், பாவம், நல்ல பசி.

மாரியாயியின் இலைக்கு முன்னால் தாமரை குனிந்தபோது, மாரியாயி அவள் கையைப் பிடித்தாள். குரல் இன்னும் தெம்பாகவில்லை.

"எனக்கு அளந்து போடுங்க அண்ணி. அண்ணனுக்குப் போடுவீங்களே, அந்த மாதிரி."

ஒரு வருடமாக வராத அழுகை அப்போது வந்தது. சாவு வீட்டில் வரவில்லை, பதினாறில் வரவில்லை, அன்று காலை ஐயர் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டபோதும் வரவில்லை. இப்போது கரண்டியைப் பிடித்தபடியே, கண்ணும் மூக்கும் ஒழுக, வாய்விட்டு அழுதாள். யாரும் தடுக்கவில்லை. அழுதுகொண்டே மாரியாயியின் இலையில் ஒரு கரண்டி சோறு வைத்தாள். வைத்துவிட்டுப் பார்த்தாள். பிறகு அதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.